கவிஞர் பஸால் மாப்பிள்ளையாக வந்த வீடு

பஸால் ஒரு மனிதனை அடித்து நான் முதன்முதலில் பார்த்தது ஒரு கவியரங்கில். இரண்டாயிரத்துப் பத்தாம் ஆண்டு மீலாத் விழா. பள்ளிக்கூட மைதானத்தில் மேடை போட்டு ஐந்து கவிஞர்களை வரிசையாக உட்கார வைத்திருந்தார்கள். மூன்றாவதாக எழும்பியவர் வாசித்த ஒரு வரி தன்னுடையது என்று பஸாலுக்குப் பட்டது. கதிரையை விட்டு எழும்பினான். மைக் பூட்டியிருந்த இரும்புக் காலைத் தூக்கி அந்த மனிதரின் தாடையில் இறக்கினான். அவர் மேடைக்குப் பின்பக்கமாக விழுந்தார். இவன் குனிந்து மைக்கைக் கழற்றி எடுத்து, ஒருதடவை ஊதிப் பார்த்து, தன் கவிதையை ஆரம்பித்துவிட்டான். குரலில் ஒரு நடுக்கம் இல்லை. சனம் கைதட்டியது. முன்வரிசையிலிருந்து ஆகப் பலமாகத் தட்டியவன் நான். அந்தக் கைதட்டலுக்காக இன்றைக்கும் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.

அடிபட்டவருக்கு இரண்டு மாதம் கஞ்சிதான் சாப்பாடு என்று கேள்விப்பட்டோம். அதையும் சிரிப்பாகத்தான் கதைத்தோம்.

பஸால் மருதமுனையில் ஒரு தறிக்காரரின் மகன். ஐந்து பெண்களுக்குப் பிறகு பிறந்த ஒற்றை ஆண்பிள்ளை. எங்கள் பக்கத்தில் அதன் அர்த்தம் வேறு. பெண்ணைக் கட்டிக்கொடுக்க வேண்டுமென்றால் முதலில் அவள் பெயரில் வீடு வேண்டும். மாப்பிள்ளை உடுப்புப் பையோடு அந்த வீட்டுக்குக் குடிவருவான். வீட்டைக் கட்ட வேண்டியது வாப்பாவும் சகோதரன்மாரும். ஐந்து சகோதரிகள் என்றால் கழுத்தில் ஐந்து வீடு. பஸால் ஒரு வீட்டுக்கும் ஒரு கல் வைத்ததில்லை. தறியில் உட்கார்ந்தால் முதுகு நோகிறது என்பான். கல்முனையில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்தினான், தேர்தல் நோட்டீஸ்களுக்குப் பாட்டு எழுதினான், மௌத்து வீடுகளுக்கு இரங்கற்பா எழுதினான். ஒரு கட்சிக்கு எழுதிய பாட்டை அடுத்த தேர்தலில் இன்னொரு கட்சிக்குக் கொடுப்பான். கொடியின் நிறத்தை மாற்றுவான், எதுகை இடித்தால் தலைவரின் பெயரையும் மாற்றுவான்.

ஆனால் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். அவனுக்கு எழுத வந்தது. சுனாமியைப் பற்றி ஒரு பத்திரிகையில் அவன் எழுதிய நான்கு வரி இது:

கடலே, நீ கொண்டுபோனவர்களை
நாங்கள் இன்னும் எண்ணி முடிக்கவில்லை.
எண்ணத் தெரியாத நீ
எப்படி உறங்குகிறாய்?

இந்த நான்கு வரியைத்தான் என் தங்கை ஸுஹைறா வெட்டியெடுத்து அலுமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டி வைத்திருந்தாள்.

அவள் அப்போது விதவை. புருஷன் றாஸிக் மீன் லொறி வைத்து வியாபாரம் செய்தவன். சுனாமி அன்று காலை மாளிகைக்காட்டில் மீன் ஏற்றிக்கொண்டிருந்தான். லொறி கிடைத்தது, றாஸிக் கிடைக்கவில்லை. மகள் றிப்னாவுக்கு அப்போது ஒன்றரை வயது. றாஸிக் நல்ல மனிதன், முன்யோசனைக்காரன். பிள்ளை பிறந்த வருடமே சம்மாந்துறைப் பக்கம் ஆறு ஏக்கர் வயலை வாங்கி அவள் பெயரிலேயே எழுதி வைத்துவிட்டான். அவர்கள் குடியிருந்த கடற்கரை வீடு கடலோடு போயிற்று. அட்டாளைச்சேனையில் பிரதான வீதிக்கு உட்பக்கமாக ஸுஹைறாவுக்கு ஒரு வீடு எழும்பியது என்றால் அது என் கையால். நான்கு வருடம் கட்டாரில் வெல்டிங் வேலை செய்தேன். கண் எரிய எரிய அனுப்பிய காசில் வளவும் மதிலும் டைல்ஸ் போட்ட மூன்று அறையும் எழும்பின. வந்த பிறகு றிப்னாவின் வயலையும் நானே செய்தேன். எனக்குக் கலியாணம் சம்மாந்துறையில், பெண்சாதி வீட்டிலிருந்து வயல் பக்கம்தான்.

ஆக, முப்பத்திநான்கு வயது விதவை, சொந்த வீடு, வீட்டில் வாப்பா இல்லாத ஒரு யத்தீம் பிள்ளை, அந்தப் பிள்ளையின் பெயரில் ஆறு ஏக்கர். கவியரங்கு முடிந்து மூன்று மாதத்தில் பஸால் பெண் கேட்டு வந்தான். அவனுக்கு இருபத்தொன்பது. கலியாணமாகாதவன், அழகன், மேடையில் பெயர் உள்ளவன். எங்கள் குடிக்கு மரைக்காராக இருந்து பள்ளிவாசலில் எங்களுக்காகக் கதைக்கும் கச்சிமுகம்மது ஹாஜியார்தான் கூட்டிவந்தார். வாப்பா மௌத்தாகிவிட்டதால் தங்கைக்கு நிக்காஹ் செய்துவைக்கும் வொலி நான். நான் ஓம் என்றால்தான் நடக்கும். ஓம் என்றேன். மாப்பிள்ளை பெண்ணுக்குக் கொடுக்க வேண்டிய மஹருக்கு ஒரு பவுன் வேண்டியிருந்தது. அதையும் ஸுஹைறாதான் தன் வளையலைக் கொடுத்து மாற்றி அவனிடம் கொடுத்தாள், அவன் அதைச் சபையில் வைத்து அவளுக்கே கொடுத்தான். ஊர் இளவட்டங்கள் சும்மா விடுமா? வசதியான வீடாகப் பார்த்துக் கலியாணம் முடிக்கிறவனைப் பார்த்தால், “மச்சான் ஒரு பஸால் அடிச்சிட்டான்” என்று சொல்லத் தொடங்கினார்கள். இன்றைக்கும் சொல்கிறார்கள்.

கலியாணத்துக்குப் பிறகுதான் அவன் அரசியல்வாதியானான். அதற்கு முன் அடுத்தவனுக்குப் பாட்டு எழுதியவன், இப்போது வீடும் கேட்டும் முன்மண்டபமும் இருந்ததால் கூட்டம் கூட்டலாம். வெள்ளைச் சேர்ட் போட்டு, ஸுஹைறா ஊற்றிய தேத்தண்ணியை ஆட்களுக்குக் கொடுத்து, பிரதேச சபைக்கு ஓர் உறுப்பினனாகப் போனான். கன்னிப் பேச்சை வெண்பாவில் பேசினான். பத்திரிகையில் படத்தோடு வந்தது.

வெண்பா பகலுக்கு. மற்ற நேரத்தில் கைதான் பேசும். தேர்தல் காலத்தில் அவனுடைய சுவரொட்டிக்கு மேல் ஒட்டிய ஒருவனைப் பிடித்து, பசை வாளிக்குள் அவன் கையை வைத்து, வாளியின் விளிம்பில் காலால் மிதித்தான். மூன்று விரல் முறிந்தது. எதிர்க்கட்சியின் காரியாலயத்தில் கூரைத் தகடு ஒன்று மிஞ்சவில்லை. தண்ணி குறைவான ஒரு சிறுபோகத்தில் வாய்க்காலில் முறைத் தண்ணி விடும்போது எங்கள் வயலுக்குக் கடைசி முறை விழுந்தது. வட்டவிதானைதான் தண்ணியைப் பங்கிடுபவர், வயதான மனிதர். “சட்டம் எல்லாருக்கும் ஒண்டுதான் தம்பி” என்றார். எனக்காகக் கதைக்க வந்திருந்த பஸால் மண்வெட்டிப் பிடியால் அவருடைய வாயில் அடித்தான். இரத்தம் தண்ணியில் விழுந்து எங்கள் வயலுக்குள்தான் போனது, ஏனென்றால் அதற்குள் மதகுப் பலகையை நான் தூக்கிவிட்டேன். அந்தப் போகம் விளைச்சல் நன்றாக இருந்தது. பஸாலைப் போல ஒரு மச்சான் கிடைக்க வேண்டுமே என்று சொன்னவன் நான்தான்.

வீட்டுக்குள் நடந்ததை நான் மெதுவாகத்தான் அறிந்தேன் என்று எழுதினால் பொய். இரண்டாவது வருடமே தெரியும். பெருநாளுக்குப் போனபோது ஸுஹைறாவின் உதடு வீங்கியிருந்தது. “குசினிக் கதவு அடிச்சிட்டு காக்கா” என்று அண்ணனான என்னிடம் சொன்னாள். அடுத்த வருடம் கை. அதற்கடுத்த வருடம் கழுத்தில் விரல் அடையாளம். அவன் ஒரு கவிதையை வாசித்துக் காட்டும்போது அவள் அடுப்பைப் பார்க்க எழும்பிப் போனாளாம், அதற்காக. தேர்தலில் ஒருமுறை தோற்றான், அதற்காக. றிப்னா அவனை வாப்பா என்று கூப்பிடாமல், சித்தப்பாவைக் கூப்பிடுவதுபோல் சாச்சா என்று கூப்பிட்டாள், அதற்குத் தாய்க்கு அடி.

ஒருநாள் அறைந்ததில் இடது காது போய்விட்டது. செவிப்பறை கிழிந்து சீழ் வடிந்தது. அப்போதுதான் பள்ளிவாசலில் வைத்து விசாரித்தார்கள். பெண்கள் அங்கே வருவதில்லை, எனவே ஸுஹைறாவுக்காகக் கதைக்க வேண்டியது நான். மரைக்கார் கச்சிமுகம்மது நடுவில் இருந்தார்.

“என்ன பஸால், புள்ளைக்கு இப்பிடிக் கை வெச்சிரிக்கீங்க?” என்று கேட்டார்.

பஸால் தலையைக் குனிந்தான். கொஞ்ச நேரம் அழுதான். பிறகு, மனைவியின் பொறுமையைப் பற்றி நான்கு வரி சொன்னான், அங்கேயே கட்டிய வரிகள். நல்ல வரிகள். இரண்டு பெரியவர்கள் சால்வையால் கண்ணைத் துடைத்தார்கள். துடைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்கள்.

“ஜெஸீம், நீங்க ஏதும் செல்லிறியளா?”

அறுவடைக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. வயலுக்குள் வெட்டு மெசின் இறங்க வேண்டும், அதற்கு அவன்தான் ஆள் பிடித்துத் தருவான்.

“மாப்புள்ள இனிச் செய்ய மாட்டாரு ஹாஜியார்” என்றேன்.

அப்படியே முடிந்தது. அதற்குப் பிறகு ஸுஹைறாவோடு கதைக்க வேண்டுமென்றால் வலப்பக்கமாக நின்று கதைக்க வேண்டும்.

கடந்த வருடத்து உள்ளூராட்சித் தேர்தல் வந்தபோது பஸாலுக்கு எந்தக் கட்சியும் இடம் கொடுக்கவில்லை. அவனுடைய பாட்டுகள் எல்லாக் கட்சியிடமும் இருந்தன, அவன்தான் ஒருவருக்கும் தேவைப்படவில்லை. தனியாக ஒரு சுயேச்சைக் குழு இறக்கப் போகிறேன் என்று கிளம்பினான். அதற்கு வீட்டை விற்க வேண்டும். வீடு ஸுஹைறாவின் பெயரில். அதே மாதத்தில் றிப்னாவுக்குக் கலியாணம் பேசி முடித்திருந்தார்கள், நோன்புப் பெருநாள் கழித்து நிக்காஹ். மாப்பிள்ளை ஆசிரியர் கலாசாலையில் படித்து வெளியான பிள்ளை. ஸுஹைறா அந்த வீட்டை றிப்னாவுக்கு எழுதிக்கொடுத்துவிட்டு, பின்வளவில் ஓர் அறை போட்டு ஒதுங்குவதாக இருந்தாள். தாய்மார் செய்வது அதுதான். வீடு போனால் கலியாணமும் போகும்.

“என்ட புள்ளைக்கு இரிக்கிறது இந்த ஊடு மட்டுந்தான். கையெழுத்து வெக்க மாட்டன்” என்று அவள் பஸாலிடம் சொல்லியிருக்கிறாள். பதினைந்து வருடத்தில் அவள் அவனுக்குச் சொன்ன முதலாவது மாட்டேன்.

பதினைந்தாவது நோன்பு அன்று பகல் பதினொரு மணிக்கு நான் வயலில் வாய்க்கால் வெட்டிக்கொண்டிருந்தேன். றிப்னா போன் எடுத்தாள். பின்னால் சத்தம் கேட்டது.

“மாமா, உம்மாவ அடிக்காரு. கையெழுத்துக் கேக்காரு. ஊட்டுக்கும் கேக்காரு, வயலுக்கும் கேக்காரு. கெதியா வாங்க மாமா!”

மண்வெட்டியை மோட்டார் சைக்கிளில் குறுக்கே வைத்துக்கொண்டு ஓட்டினேன். எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்று நினைவில்லை. கேட் திறந்திருந்தது. முன்மண்டபத்தில் ஸுஹைறா சுவரோடு சாய்ந்து கிடந்தாள். பஸால் ஹெல்மெட்டால் அடித்திருக்கிறான். வலது முழங்கைக்குக் கீழே கை வேறு பக்கம் திரும்பியிருந்தது. நெற்றியிலிருந்து ஒழுகி ஒரு கண் மூடிவிட்டது. பஸால் றிப்னாவின் கூந்தலைக் கையில் சுற்றிப் பிடித்து, மேசையில் கிடந்த கடதாசியின் மேல் அவள் முகத்தை அமுக்கிக்கொண்டிருந்தான். “வை! கையெழுத்த வை!” என்று கத்தினான்.

மண்வெட்டியின் பின்பக்கத்தால் அவன் முழங்காலில் போட்டேன். காய்ந்த விறகு முறிகிற சத்தம் கேட்டது. விழுந்தான். மற்ற முழங்காலிலும் போட்டேன். கை நீட்டினான், கையிலும் போட்டேன். “மச்சான், மச்சான்” என்றான். நோன்போடு இருக்கிறேன் என்பது எனக்கு ஞாபகம் இருந்தது. இருந்தும் நிறுத்தவில்லை. அவன் வாயில் ஒரு அடி விழுந்தது. எண்ணிச் சொன்னால் பதினொன்றோ பன்னிரண்டோ. றிப்னா என் இடுப்பைப் பிடித்துத் தொங்கியிராவிட்டால் அன்றைக்கு அவனுடைய மௌத்து.

இனி பஸாலின் கதையை முடித்துவிடுகிறேன். அவன் சாகவில்லை. இரண்டு முழங்காலும் சரிவரவில்லை, இரண்டு கைத்தடியில் நடக்கிறான். வேட்புமனு கொடுக்கவில்லை. தலாக் சொன்னான், அதை மட்டும் உரைநடையில் சொன்னான். எங்கள் பக்கத்தில் பெண்சாதியின் வீட்டை விட்டு வெளியே போன ஆணுக்கு வேறு வீடு கிடையாது. தாயின் வீடு ஒரு சகோதரிக்குப் போயிருக்கும். பஸாலின் ஐந்து சகோதரிகளும் தாங்களாகவே தறி அடித்தும் வெளிநாடு போயும் தங்கள் வீடுகளைக் கட்டியவர்கள். நான்கு பேர் கேட்டைத் திறக்கவில்லை. ஐந்தாவது சகோதரிதான் பழைய தறிக் கொட்டிலில் ஒரு கட்டில் போட்டுக் கொடுத்திருக்கிறாள். பல் போன வாயால் இன்னமும் கவிதை சொல்கிறானாம். கேட்க ஆள் இல்லை. எனக்கு அவன் மேல் ஓர் இரக்கமும் இல்லை.

எனக்குச் சிறையில் விளக்கமறியல் கிடைத்தது, இருபத்தெட்டு நாள். வழக்கு நடக்கிறது. ஊரில் என்னைத் தூக்கி வைத்துக் கதைக்கிறார்கள். தங்கைக்காக மண்வெட்டி தூக்கியவன் என்று. தேநீர்க் கடையில் காசு வாங்க மாட்டோம் என்கிறார்கள். கச்சிமுகம்மது ஹாஜியார்கூட, “ஆம்புளப் புள்ளையெண்டா இப்பிடி இரிக்கோணும்” என்றாராம்.

ஆனால் அந்தப் பகலை நான் முழுதாகச் சொல்லவில்லை. ஒருவருக்கும் சொன்னதில்லை.

அடித்து ஓய்ந்து, மூச்சு வாங்க நடு மண்டபத்தில் நின்றேன். கோபம் இறங்கவில்லை. “என்ட கையால கட்டின ஊட்டுக்குள்ள என்ட தங்கச்சிக்கு அடிக்கியாடா, நாயே? இது என்ட ஊடுடா!” என்று கத்தினேன்.

பஸால் தரையில் கிடந்தபடி இரத்தத்தைத் துப்பினான். சிரிக்கிறானா அழுகிறானா என்று தெரியவில்லை.

“மச்சான், பேச்ச மறந்திட்டீங்களா?” என்றான். “பொண்ணு கேட்டு வந்த அண்டைக்கு கேட்டடியில வெச்சி என்ன கதைச்ச நாம? ஊடு எனக்கு, வயல் ஒங்களுக்கு எண்டுதானே? நான் பதினஞ்சி வருஷத்தில வயலுல ஒரு பங்கு கேட்டனா? இண்டைக்குத்தானே கேட்டன்?”

றிப்னா என் இடுப்பிலிருந்து கையை எடுத்தாள்.

கதைத்தது உண்மை. அவன் கேட்டான், நான் ஓம் என்றேன். வொலியாக நின்று என் தங்கையைக் கொடுத்ததற்கு எனக்குக் கிடைத்த கூலி அந்த யத்தீம் பிள்ளையின் ஆறு ஏக்கர். அந்த வயல் சோற்றில் என் மூன்று பிள்ளைகளும் வளர்ந்தார்கள். றிப்னாவுக்கு வருடத்துக்கு இரண்டு மூடை அரிசி கொண்டுபோய்க் கொடுப்பேன், பெருநாளுக்கு ஓர் உடுப்பு. நல்ல மாமா என்று பெயர்.

நான் ஸுஹைறாவின் பக்கம் திரும்பினேன். “பொய் செல்றான் புள்ள” என்று சொல்ல வாய் எடுத்தேன். அவள் முறிந்த கையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, கேட்கும் காதை என் பக்கம் திருப்பினாள்.

“எனக்குத் தெரியும் காக்கா” என்றாள். “அண்டைக்கு நான் மதிலுக்கு இங்கால உடுப்புக் காயப் போட்டுக்கிட்டு நிண்ட. அப்ப எனக்கு ரெண்டு காதும் நல்லாக் கேட்டிச்சி.”

“தெரிஞ்சும் ஏன் புள்ள ஓமெண்ட?”

“வொலி நீங்கதானே. ஒங்கள உட்டா எனக்கு வேற ஆரு?” மூடிய கண்ணிலிருந்தும் தண்ணீர் வந்தது. “பதினஞ்சி வருஷமா என்ன அடிச்சாரு. காது போச்சி. ஒங்களுக்குத் தெரியாதா? இந்த மண்வெட்டி அப்ப எங்க காக்கா இருந்திச்சி? இண்டைக்கு வயலையும் கேட்டாரு, அதான் வந்தீங்க.”

இல்லை என்று சொல்லத்தான் நினைத்தேன். போனில் றிப்னா சொன்ன சொற்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். உம்மாவ அடிக்காரு என்றபோது நான் வாய்க்காலுக்குள் நின்றபடிதான் கேட்டுக்கொண்டிருந்தேன். வயலுக்கும் என்றபோதுதான் வரம்பில் ஏறினேன்.

றிப்னா மேசையில் கசங்கிக் கிடந்த கடதாசிகளை எடுத்து நான்காகக் கிழித்தாள். அவள் மூக்கிலிருந்து இரத்தம் வந்துகொண்டிருந்தது, துடைக்கவில்லை. தாயைத் தோளில் தாங்கி எழுப்பி நிறுத்தினாள். பிறகு என்னைப் பார்த்தாள். இருபத்திரண்டு வயதுப் பெண், எனக்கு முன்னால் ஒருநாளும் குரல் உயர்த்தாதவள். அன்றைக்கும் உயர்த்தவில்லை.

“நான் உம்மாவ ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறன் மாமா. வரக்குள்ள ரெண்டு பேரும் இங்க இரிக்கப்படாது.”

அவர்கள் முச்சக்கர வண்டியில் ஏறிப் போனார்கள். நான் பஸாலை இரண்டு கக்கத்திலும் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து கேட்டுக்கு வெளியே போட்டேன், நானும் வெளியே வந்து கேட்டைச் சாத்தினேன். வீதியில் சனம் கூடிவிட்டது. யாரோ ஒருவன் என் முதுகில் தட்டிக்கொடுத்தான்.